ஜி.எஸ்.டி. சாலையில் குடியேறப் போகிறீர்களா? முதலில் ரயிலைப் பாருங்கள்

சென்னையின் கத்திப்பாராவில் தொடங்கித் தெற்கே செங்கல்பட்டு வரை, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வீடு தேடுகிறவர்கள் ஆண்டு முழுக்க வந்துகொண்டே இருக்கிறார்கள். கல்லூரியில் இடம் கிடைத்த பிள்ளைக்காக வருபவர்கள், தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தவர்கள், நகருக்குள் வாடகை கட்டுப்படியாகாமல் தெற்கே நகர்ந்தவர்கள் எனப் பல வகை. இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் குரோம்பேட்டைக்கு வந்தேன். வீட்டுக்காரர் தொலைபேசியில் சொன்ன ஒரே அடையாளம், "ரயிலுக்கு அந்தப் பக்கம்." எந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. சாமான் ஏற்றிய வண்டியோடு தண்டவாளத்தின் தவறான பக்கத்தில் போய் நின்றேன். எதிர்ப்பக்கத்தில் வீட்டு மாடி கண்ணுக்குத் தெரிந்தது. அங்கே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

இந்தச் சாலையைப் பற்றி நான் சொல்ல நினைப்பது பெரும்பாலும் அந்த முக்கால் மணி நேரத்தில் கற்றதுதான். இதன் நீளத்தில் போவது எளிது. பஸ், ரயில், மெட்ரோ, ஷேர் ஆட்டோ என்று எதிலாவது ஏறிவிடலாம். அகலத்தைக் கடப்பதுதான் பாடு. சாலையும் தண்டவாளமும் ஒன்றையொன்று உரசியபடியே ஓடுகின்றன. ஊர்கள் அந்த இரண்டுக்கும் இருபுறமும் பிளந்து கிடக்கின்றன. புதிதாக வருகிறவர் இதைப் புரிந்துகொண்டால் வீடு, பள்ளி, வேலை எல்லாவற்றையும் சரியான பக்கத்தில் தேடிக்கொள்ளலாம்.

படி 1: தண்டவாளம் எந்தக் கைப்பக்கம்?

கத்திப்பாராவில் தெற்கு நோக்கி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து தாம்பரம் தாண்டும் வரை ரயில் உங்கள் இடக்கைப் பக்கம். விமான நிலையம், பம்மல், அனகாபுத்தூர், மேற்குத் தாம்பரம், முடிச்சூர் எல்லாம் வலக்கைப் பக்கம். சாலையிலிருந்து அவற்றுக்குப் போகத் தண்டவாளத்தைக் கடக்க வேண்டியதில்லை. நங்கநல்லூர், ராதா நகர், அஸ்தினாபுரம், சிட்லபாக்கம், கிழக்குத் தாம்பரம், சேலையூர் எல்லாம் இடக்கைப் பக்கம், தண்டவாளத்துக்கு அப்பால். அங்கே குடியிருப்பவர்களின் ஒவ்வொரு நாளும் ஒரு மேம்பாலத்திலோ சுரங்கப்பாதையிலோ கேட்டிலோதான் தொடங்குகிறது.

தாம்பரத்துக்குத் தெற்கே இரும்புலியூரில் சாலை தண்டவாளத்தைக் கடந்து மறுபக்கம் போய்விடுகிறது. அதன் பிறகு ரயில் உங்கள் வலக்கைப் பக்கம். வண்டலூர் உயிரியல் பூங்காவும் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் இடக்கைப் பக்கம். காகிதத்தில் ஒரு கோடு போட்டு, இரும்புலியூரில் இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்வதாக வரைந்து பாருங்கள். வரைபடச் செயலி தராத தெளிவு அந்தக் கிறுக்கலில் கிடைக்கும்.

இனிமேல் யாராவது "அந்தப் பக்கம்" என்றால், "ஸ்டேஷனில் இறங்கி மெயின் ரோடு பக்கமா, உள்பக்கமா?" என்று திருப்பிக் கேளுங்கள். உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

படி 2: சாலையின் எல்லாப் பெயர்களையும் தெரிந்துகொள்ளுங்கள்

ஜி.எஸ்.டி. என்பது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்பதன் சுருக்கம். சென்னையைத் திருச்சியோடும் அதற்கும் தெற்கே உள்ள ஊர்களோடும் இணைப்பதற்கு ஆங்கிலேயர் காலத்தில் நிலைபெற்ற நெடுஞ்சாலை. பழைய ஆட்கள் இதை இன்னமும் என்.எச். 45 என்பார்கள். தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புதிய எண்கள் கொடுத்தபோது இந்தப் பகுதி 32 ஆகிவிட்டது. பலகையில் 32 என்று பார்த்தால் வழி தவறிவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம். பல்லாவரத்தில் 'பழைய டிரங்க் ரோடு' என்று தனியாக ஒரு தெரு இருக்கிறது. முகவரியில் அந்தச் சொல் வந்தால் அது வேறு தெரு. கூரியர்காரர்களுக்கு இதை விளக்கியே எனக்குத் தெரிந்த ஒருவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

படி 3: கத்திப்பாராவில் பதறாதீர்கள்

அண்ணா சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லி சாலை, ஜி.எஸ்.டி. சாலை நான்கும் முட்டிக்கொள்ளும் இடம் இது. 2008இல் திறக்கப்பட்ட இந்தப் பாலம் நான்கு இதழ் கொண்ட இலை போன்றது. இதில் முதன்முறை ஓட்டுகிறவர்கள் செய்யும் தவறு, வலப்பக்கம் போக வேண்டும் என்றால் வலப்பக்கமே ஒதுங்குவது. இந்த வகைப் பாலத்தில் பாலத்தைத் தாண்டிய பிறகு இடப்பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றித்தான் வலப்பக்கச் சாலையில் போய்ச் சேர வேண்டும். தவறவிட்டால் நடுவில் நிறுத்தாதீர்கள், பின்னால் வருகிறவர் உங்களை மன்னிக்க மாட்டார். நேராகப் போய்த் திரும்பி வந்து மறுபடி முயலுங்கள். என் மைத்துனர் முதல் நாளில் மூன்று முறை சுற்றினார். மூன்றாவது முறை நேரு சிலைக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்.

நடந்து போகிறவர்களுக்கு இங்கே சற்று நிம்மதி. ஆலந்தூர் மெட்ரோ நிலையம் பக்கத்தில்தான். மெட்ரோவின் இரண்டு தடங்களும் சந்திக்கும் இடம் அது. கோயம்பேடு பக்கமிருந்து வருகிறவர்கள் அங்கே மாறிக்கொண்டு விமான நிலையம் வரை போகலாம். விமான நிலையத் தடம் 2016 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது.

படி 4: முதல் ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலை ஏறிவிடுங்கள்

வீட்டுப் பொருள்களை அடுக்குவதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்வேன். மேலேயிருந்து பார்த்தால் சாலை, தண்டவாளம், ஓடுபாதை மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். நீங்கள் எங்கே வந்து சேர்ந்திருக்கிறீர்கள் என்பது பிடிபடும்.

மலை என்று பெயரே தவிர உயரம் சுமார் 300 அடிதான். புனித தோமையார் இங்கே கொல்லப்பட்டார் என்பது நம்பிக்கை. போர்ச்சுக்கீசியர் 1523இல் உச்சியில் தேவாலயம் கட்டினார்கள். பரங்கியர் மலை என்பதே பரங்கிமலை ஆனது. உச்சிக்குப் போகும் கற்படிகளைப் போடச் செய்தவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். அவரேதான் 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது மர்மலாங் பாலத்தையும் தன் சொந்தப் பணத்தில் கட்டினார். ஆறு பெருகினால் பக்தர்கள் மலைக்கு வர முடியவில்லை என்பது காரணம். யோசித்துப் பாருங்கள், இந்தத் தென்வழிப் போக்குவரத்தின் முதல் பெரிய தடையை நீக்கியது அரசாங்கம் அன்று. வேண்டுதல் இருந்த ஒரு வியாபாரி.

மேலே ஒரு மார்பளவுச் சிலை இருக்கும். அது வில்லியம் லாம்ப்டனுடையது. 1802 ஏப்ரல் 10ஆம் நாள் இந்த மலையடிவாரத்தில்தான் அவர் நில அளவைச் சங்கிலியை விரித்தார். இங்கிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார்கள். அந்த ஒரு கோட்டை அடியாக வைத்து முக்கோணம் முக்கோணமாக இந்தியாவையே அளந்துகொண்டு போய், கடைசியில் எவரெஸ்ட்டின் உயரம் வரை கணக்கிட்டார்கள். நம் வீட்டு மனைக்கு இரண்டு அடி குறைகிறது என்று சண்டை போடுகிற இந்த வட்டாரத்தில், துல்லிய அளவை தொடங்கியது என்பது எனக்கு எப்போதும் சிரிப்பை வரவழைக்கும்.

மலையைச் சுற்றிலும் ராணுவப் பகுதி. 1759இல் பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் இங்கே சண்டை நடந்தது. 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை இங்கே வந்து நின்ற பிறகுதான் புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் உடன்படிக்கைக்கு இறங்கி வந்தார்கள். அதிகாரிகள் பயிற்சிக் கழகம் 1963இல் தொடங்கியது. சுற்றுச்சுவர் ஓரம் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். சீருடைக்காரர் வந்து விளக்கம் கேட்பார்.

படி 5: விமான நிலையத்துக்குப் போகும் குறைந்த செலவு வழி

மீனம்பாக்கம் என்று சொல்லியே பழகிவிட்டோம். ஆனால் புறநகர் ரயிலில் விமானத்துக்குப் போகிறவர் இறங்க வேண்டியது மீனம்பாக்கத்தில் அல்ல, அடுத்த நிலையமான திரிசூலத்தில். அங்கே இறங்கிச் சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடந்தால் எதிரே விமான நிலையம். பெட்டி கனமாக இருந்தால் மெட்ரோவே நல்லது, அது வளாகத்துக்குள்ளேயே போய்விடும். உள்ளூர் விமானங்களுக்குக் காமராசர் பெயரும் வெளிநாட்டு விமானங்களுக்கு அண்ணா பெயரும் நெடுங்காலமாக வழங்கிவந்தன. 2023 ஏப்ரலில் புதிய ஒருங்கிணைந்த முனையம் திறந்தபின் எந்த விமானம் எந்த முனையம் என்பதை டிக்கெட்டில் பார்த்துவிட்டுப் போவதே நல்லது.

திரிசூலத்தில் கேட்பாரில்லாமல் ஒரு பழைய சிவன் கோயில் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. விமானம் தாமதம் என்று செய்தி வந்தால் அங்கே போய்வரலாம்.

படி 6: பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமையைக் கணக்கில் வையுங்கள்

வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில் சந்தை. செடி, நாற்று, கோழி, மீன் தொட்டி, பழைய மரச்சாமான், கழற்றிய கணினியின் உள்ளுறுப்பு, ஒற்றைக் கைப்பிடி இல்லாத அண்டா என்று எதுவும் கிடைக்கும். புதிதாக வீடு போடுகிறவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான இடம் இந்தச் சாலையில் இல்லை. காலையிலேயே போங்கள், பையை முன்னால் தொங்கவிடுங்கள், முதல் விலைக்கு எதையும் வாங்காதீர்கள். சந்தைக்குப் போகாதவர்கள் அன்று அந்த வட்டாரத்தைச் சுற்றிக்கொண்டு போவது உத்தமம். 2020இல் மேம்பாலம் திறந்த பிறகு முன்பிருந்த நெரிசல் குறைந்திருக்கிறது. இங்கிருந்து துரைப்பாக்கம் போகும் ரேடியல் சாலை, பல்லாவரம் பெரிய ஏரியை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு அதுதான் குறுக்குவழி.

பல்லாவரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1863 மே 30ஆம் நாள், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இங்கே படைப்பிரிவின் மைதானத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மனிதக் கை செதுக்கிய கோடரி அது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்ததற்கு முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட சான்று. நம் நாட்டின் வரலாற்றுக்கு முந்தைய காலம் முதலில் கண்ணில் பட்டது, இன்று பழைய செருப்பும் புதிய ரோஜாச் செடியும் விற்கும் இந்த ஊரில்தான். இங்குள்ள குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக்கோயில் ஒன்று இருக்கிறது. அவனுடைய பட்டப்பெயர்கள் அதில் வெட்டப்பட்டுள்ளன. பிற்காலத்தில் அது தர்கா ஆகி, இன்றும் வழிபாட்டில் இருக்கிறது. போனால் செருப்பைக் கழற்றிவிட்டு, அனுமதி கேட்டுக்கொண்டு பாருங்கள்.

இந்தக் குன்றுகளின் கருநீலப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தா நகருக்கு அடித்தளமிட்டவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின், அங்குள்ள கல்லறைக் கல் இதே வகை என்று கண்டு தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் வைத்த பெயர் அது. ஊர்ப்பெயர் சூட்ட வேண்டிய கல்லுக்கு வங்காளத்தில் புதைந்தவர் பெயர் போய்விட்டது.

1911இல் மறைமலையடிகள் குடும்பத்தோடு பல்லாவரத்துக்கு வந்து தங்கினார். அதற்கு முன் அவர் தமிழாசிரியராக இருந்தது சென்னைக் கிறித்துவக் கல்லூரியில். அப்போது அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. தனித்தமிழ் இயக்கம் 1916இல் தொடங்கியது இந்தப் பல்லாவரத்து வீட்டிலிருந்துதான். அவர் வேலையை விட்டு இந்தச் சாலைக்கு வந்தார். அவர் விட்டு வந்த கல்லூரியும் 1937இல் இதே சாலைக்கு, தாம்பரத்துக்கு வந்து சேர்ந்தது. அவர் மறைந்த பிறகு அவர் பெயரில் ஒரு நகரமே இன்னும் தெற்கே இதே சாலையில் எழுந்தது. வேதாசலம் என்ற பெயரைத் தமிழாக்கிக்கொண்டவரின் பெயரில் உள்ள ஊருக்கு இன்று போனால், கடைப்பலகைகளில் அவர் ஒப்புக்கொள்ளும் சொற்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

படி 7: குரோம்பேட்டையும் சானடோரியமும்

எங்கள் ஊரின் பெயர் ஒரு தோல் தொழிற்சாலையின் பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் இங்கே குரோம் லெதர் கம்பெனியை நடத்தினார். குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறையிலிருந்து கம்பெனிக்குப் பெயர், கம்பெனியிலிருந்து பேட்டைக்குப் பெயர். கம்பெனி போய்விட்டது, உப்பு மட்டும் ஊர்ப்பெயரில் ஒட்டிக்கொண்டது. நாகல்கேணிப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் கிணற்று நீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு முன்பணம் கொடுங்கள். தோல் பதனிடும் ஆலைகள் பல ஆண்டுகள் இயங்கிய நிலம் அது.

தண்டவாளத்துக்கு அப்பால் எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி) இருக்கிறது. சி. ராஜம் 1949இல் தொடங்கிய கல்லூரி. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். அந்தப் பெயரில் ஒரு மேம்பாலமும் இருக்கிறது. குரோம்பேட்டையில் "எம்.ஐ.டி. பாலம்" என்பது வழிகாட்டுவதற்கான பொதுச்சொல்.

அடுத்த நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம். 1928இல் மருத்துவர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக இங்கே மருத்துவமனை தொடங்கினார். மருந்து இல்லாத காலத்தில் நல்ல காற்றே மருந்து. அந்தக் காற்றைத் தேடி நகருக்கு வெளியே வந்தார்கள். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றும் நெஞ்சக நோய்களுக்கு அரசு மருத்துவமனையாக இயங்குகிறது. பக்கத்திலேயே 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம். மூட்டு வலிக்காரர்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நிற்பார்கள், போவதானால் நீங்களும் சீக்கிரம் போங்கள். 1984இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகமான மெப்ஸும் இங்கேதான். வேலை முறை மாறும் நேரத்தில் அந்த வாசலைக் கடப்பதைத் தவிர்க்கலாம்.

படி 8: தாம்பரத்தில் எந்த வாசல் வழியாக வெளியே வருவது

தாம்பரத்தைப் புறநகராக்கியது ரயில்தான். 1931 மே மாதம் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மீட்டர் கேஜ் பாதை, சின்னப் பெட்டிகள். 2004இல் அதை அடியோடு நிறுத்தி அகலப் பாதையாக்கினார்கள். பழைய பயணிகள் இன்றும் அந்தப் பெட்டிகளைப் பற்றிப் பேசினால் நிறுத்த மாட்டார்கள். அந்த ரயில் வந்ததால்தான் ஜார்ஜ் டவுனில் நெருக்கடிப்பட்ட ஒரு கல்லூரி, சுமார் 365 ஏக்கர் புதர்க்காட்டை நம்பித் தெற்கே வர முடிந்தது.

ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் நினைவில் கொள்ள வேண்டியது இதுதான். மேற்கு வாசல் ஜி.எஸ்.டி. சாலைக்கும் முடிச்சூர் சாலைக்கும். கிழக்கு வாசல் வேளச்சேரி சாலை, சேலையூர், மாடம்பாக்கம் பக்கம். தவறான வாசலில் வெளியே வந்துவிட்டால் நடைமேம்பாலத்தில் திரும்பி நடந்துவிடுங்கள். அதைக் கடக்க ஆட்டோ பிடித்தால் ஊரையே சுற்றிக்காட்டிக் கட்டணம் வாங்குவார்கள். அதில் அவர்கள் பிழையும் இல்லை, வழி அப்படி.

தென் மாவட்ட ரயில்கள் பல தாம்பரத்தில் நிற்கின்றன, சில இங்கிருந்தே புறப்படுகின்றன. எழும்பூர் வரை போய்த் திரும்பும் வேலையை இது மிச்சப்படுத்தும். முன்பதிவு செய்யும்போது ஏறும் இடம் 'தாம்பரம்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 9: எந்த அலுவலகத்தில் புகார் கொடுப்பது

ஒரே சாலை, ஆனால் குப்பை அள்ளாவிட்டால் கேட்க வேண்டிய இடம் கிலோமீட்டருக்கு ஒன்று மாறும். ஆலந்தூர், மீனம்பாக்கம் பக்கம் சென்னை மாநகராட்சி. ராணுவக் குடியிருப்புப் பகுதிகளுக்குப் பரங்கிமலை-பல்லாவரம் கண்டோன்மென்ட் நிர்வாகம் தனி. பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை வரை தாம்பரம் மாநகராட்சி. இது 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து உருவானது. வண்டலூர் ஊராட்சி. கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், செங்கல்பட்டு தனித்தனி நகராட்சிகள். வீட்டு ஒப்பந்தம் போடும் நாளிலேயே சொத்துவரி ரசீதை வாங்கிப் பார்த்து, எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் தெருவிளக்குக்காக முதலில் போன அலுவலகத்தில் அரைநாள் உட்கார்ந்த பிறகுதான் எங்கள் தெரு அவர்களுடையது அல்ல என்று சொன்னார்கள்.

படி 10: தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் வீடு எடுக்காதீர்கள்

இந்தச் சாலை ஏரிகளின் வரிசை ஒன்றின் ஊடே போகிறது. பல்லாவரம், இரும்புலியூர், பீர்க்கன்காரணை, கூடுவாஞ்சேரியின் நந்திவரம், பொத்தேரி, செங்கல்பட்டின் கொளவாய். பாக்கம், ஏரி, தாங்கல் என்று முடியும் பெயர்களைக் கேட்டதுமே நீர் எங்கே போகும் என்று யோசிக்க வேண்டும்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் முதல் மாடி வரை தண்ணீர் ஏறிய வீடுகள் உண்டு. ஆற்றின் மேலேயே ஓடுபாதை போகும் விமான நிலையத்தைப் பல நாள் மூட வேண்டியிருந்தது. எனவே தரகரிடம் "மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா?" என்று கேட்காதீர்கள். "நிற்காது" என்பதைத் தவிர வேறு பதில் அவருக்குத் தெரியாது. அதே தெருவில் உள்ள மளிகைக் கடைக்காரரிடம் "2015இல் எவ்வளவு உயரம் வந்தது?" என்று கேளுங்கள். அவர் கையைத் தூக்கிச் சுவரில் காட்டுவார். கோடைக்கும் அதே கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வாரத்துக்கு எத்தனை முறை வருகிறது என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும்.

படி 11: வெளியூர் போகும் நாளும் திரும்பும் நாளும்

பெருங்களத்தூர் என்ற பெயரை ஒரு காலத்தில் தென் தமிழ்நாடு முழுக்க அறிந்திருந்தது. கோயம்பேட்டில் இடம் கிடைக்காதவர்கள் பெட்டியோடு இங்கே சாலையோரம் நிற்பார்கள். 2023 டிசம்பர் 30ஆம் நாள் கிளாம்பாக்கம் முனையம் திறந்ததிலிருந்து தென் மாவட்டப் பேருந்துகளுக்கு அதுவே புறப்படும் இடம். நகருக்குள் இருப்பவர்கள் தூரம் என்று முணுமுணுக்கலாம். இந்தச் சாலையில் குடியிருக்கும் நமக்கு அது கொல்லைப்புறத்துக்கு வந்துவிட்டது. மாநகரப் பேருந்துகளும் அங்கிருந்தே நகருக்குள் புறப்படுகின்றன.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய இரண்டு மாலைகள் தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை சாலை நம்முடையது அல்ல. பரனூர் சுங்கச்சாவடி வரை வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். மருத்துவமனை, கல்யாணம், விமானம் என்று எது இருந்தாலும் அந்த மாலைகளில் ரயிலையே நம்புங்கள். விடுமுறை முடியும் ஞாயிறு இரவிலும் திங்கள் விடியலிலும் அதே கதை எதிர்த்திசையில் நடக்கும். ஊரிலிருந்து திரும்புகிறவர்களில் தெரிந்தவர்கள் செங்கல்பட்டில் பேருந்தை விட்டு இறங்கி, புறநகர் ரயிலில் ஏறி வீட்டுக்குப் போய்த் தூங்கியும்விடுவார்கள்.

வடக்கே செங்குன்றம், மதுரவாயல் பக்கம் போக வேண்டியவர்கள் கத்திப்பாராவுக்குப் போக வேண்டியதில்லை. பெருங்களத்தூரில் புறவழிச்சாலை பிரிகிறது, புழல் வரை சுமார் 32 கி.மீ. இன்னும் சற்றுத் தெற்கே வண்டலூரில் வெளிவட்டச் சாலை பிரிந்து மீஞ்சூர் வரை சுமார் 62 கி.மீ. போகிறது. வண்டலூரிலேயே எதிர்ப்பக்கம் கேளம்பாக்கம் சாலை. உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. உறவினர்கள் சரியாகச் செவ்வாய்க்கிழமைதான் வந்து கேட்பார்கள். 1855இல் எட்வர்டு பால்ஃபர் என்பவர் நகரின் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலைதான் இடம் மாறி மாறி 1985இல் இங்கே வந்தது. விலங்குகளும் இந்தச் சாலை வழியே புறநகருக்குக் குடிவந்தவைதான்.

படி 12: கூடுவாஞ்சேரிக்குத் தெற்கே ஒருமுறை போய்வாருங்கள்

ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி வரை அடுக்குமாடிகளும் மாணவர் விடுதிகளும்தான். மறைமலை நகர் 1980 வாக்கில் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் திட்டமிட்டு எழுப்பிய புதுநகர். தெருக்கள் நேராக இருப்பதைப் பார்த்தாலே தெரியும். ஃபோர்டு கார் ஆலையால் பெயர் பெற்றது, 2022இல் அதன் உற்பத்தி நின்றது. சிங்கப்பெருமாள் கோயிலில் பாறையைக் குடைந்த கருவறையில் நரசிம்மர். அர்ச்சகர் நாமத்தைச் சற்றே உயர்த்தி நெற்றிக்கண்ணைக் காட்டுவார். அங்கிருந்து ஒரகடம் போகும் சாலை பிரிகிறது.

செங்கல்பட்டு 2019 நவம்பர் முதல் மாவட்டத் தலைநகர். ஆட்சியர் அலுவலகச் சான்றிதழ்களுக்கு இனி நீங்கள் காஞ்சிபுரம் போக வேண்டியதில்லை, இங்கேதான் வர வேண்டும். ராபர்ட் கிளைவ் 1752இல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைப்பற்றிய கோட்டையின் மிச்சத்தை ஊடறுத்துக்கொண்டு ரயில் பாதை போகிறது.

வரும்போது பஸ்ஸில் வாருங்கள், திரும்பும்போது தாம்பரம் போகும் ரயிலில் வலக்கைப் பக்க ஜன்னலைப் பிடியுங்கள். மழைக்காலமாக இருந்தால் கொளவாய் ஏரி தண்டவாளத்தின் கரையை நக்கிக்கொண்டிருக்கும். அத்தனை தூரமும் தோளோடு தோள் உரசி வந்த சாலை அங்கே மட்டும் ஏரிக்கு அக்கரையில், சத்தம் கேட்காத தொலைவில் போய்க்கொண்டிருக்கும். லாரிகள் எறும்பு மாதிரி தெரியும். பரனூர் வருவதற்குள் அது மறுபடி பக்கத்தில் வந்துவிடும்.